கோவளத்துக்கு ஒரு டிக்கெட்

இன்று காலை எழுந்ததும், வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், முதல் வேலையாகக் கணினியைத் திறந்து அந்த ஒரு பதிவை அழித்தேன். நேற்று போனில் நீ கேட்டது அதை மட்டும்தான். "மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. அந்த ஸ்கூல் பிரேயர் பதிவு மட்டும் வேணாம்" என்றாய். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அதன் கீழே இருந்த பின்னூட்டங்களும் அதோடு போய்விட்டன. நான் வாசலுக்குப் போவதற்குள் பாக்கெட்டில் எறும்பு ஏறியிருந்தது. உன் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, "இன்னா, இன்னிக்குக் காபிக்கு லீவா?" என்றார். நான் சிரித்தேன். அவர் பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் அவர் பார்க்க நான் சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது, அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வாய் என்றுதான் இந்த ஏழு மாதமும் பயந்துகொண்டிருந்தேன். எடுக்கச் சொல்லாமலே, பேசாமலே போய்விடுவாயோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். நீ எல்லாப் பதிவையும் உட்கார்ந்து படித்து, ஒன்றை மட்டும் எடு என்று சொன்னபோது, பரீட்சை முடிவு பார்த்த பிள்ளை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நான்கு தடவை நடந்தேன். இன்னொன்றும் சொன்னாய். "இனிமே என்னைப் பத்தி எழுதினா முதல்ல எனக்குக் காட்டு." காட்டுகிறேன். இந்தக் கடிதம் முதலில் உனக்குத்தான் வருகிறது. நீ சரி என்றால் வலைப்பதிவில் போடுவேன். வேண்டாம் என்றால் நம் இரண்டு பேரோடு நிற்கட்டும். மற்றவர்களும் படிக்கலாம் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

உனக்கு ஆறு வயதில் நாம் செங்கல்பட்டுக்குக் குடிவந்தோம். உனக்குப் பேச்சு திக்கத் தொடங்கியதும் அப்போதுதான். தண்ணீர் வேண்டும் என்று சொல்வதற்குள் உன் கழுத்து நரம்பு புடைத்துவிடும். வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு மறைமலை நகரில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. பழைய கணினி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். அந்த நாளில் தமிழில் வலைப்பதிவு எழுதுவது புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. நீ பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு மத்தியானம் நானும் ஒன்றைத் தொடங்கினேன். உனக்குத் துரை என்று பெயர் வைத்து, உன் பேச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். மூன்று நாள் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. தையல்காரி என்று பெயர் போட்டிருந்தது. "என் தம்பிக்கும் திக்கும். ஆனா சந்தையில வெள்ளரிப்பிஞ்சு கூவி விக்கும்போது மட்டும் திக்காது. புள்ளையை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கூவ விடுங்க." அவர்தான் ஜமீலாக்கா. கோவளத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாளே உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உனக்கு நினைவிருக்கும், சிமெண்ட் பெஞ்சின் மேல் ஏறி நிற்பாய். ஒரு கண்டக்டர் "காஞ்சிவரம் காஞ்சிவரம் காஞ்சிவரம்" என்பார். நீயும் கத்துவாய். அடுத்த வண்டிக்காரர் "மதுராந்தகம் மதுராந்தகம் மதுராந்தகம்" என்பார். அதையும் கத்துவாய். பஸ் ஸ்டாண்டில் எந்த ஊரையும் ஒரு தடவை சொல்லி நிறுத்துகிற வழக்கம் கிடையாது. எல்லோரும் மூன்று தடவை, நான்கு தடவை சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் நீ எப்படிச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காஞ்சிபுரம் வண்டிக் கண்டக்டர் ஒருவர் மட்டும் ஒருநாள் உன் பையைத் தட்டி, "நைனா, நீ வந்து விசிலைப் புடி, நான் போய் உன் வூட்டுப்பாடத்த எழுதறேன்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு என்னென்ன ஊர் திக்காமல் வந்தது என்று வீட்டுக்கு வந்து எழுதுவேன். முகம் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். "திருக்கழுக்குன்றம் வந்துடுச்சா?" என்று தினமும் ஒருவர் கேட்பார். அது வந்த அன்றைக்கு, தன் வீட்டில் பாயசம் வைத்ததாக ஒரு அம்மாள் எழுதினார். சொல் சிக்கிக்கொண்டால் கட்டைவிரலால் மற்ற நான்கு விரலையும் ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லிக்கொடுத்ததும் ஜமீலாக்காதான். என் யோசனை என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அடுத்தது அப்படி இல்லை. எட்டாம் வகுப்பில் ஒருநாள் காலைப் பிரேயரில் உன்னை உறுதிமொழி சொல்ல விட்டார்கள். அதற்கு முன்னால் பெயரும் வகுப்பும் சொல்ல வேண்டும். பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாய். சாயங்காலம் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, என்னிடம் மட்டும் சொன்னாய். நான் உன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். உன் பெயரின் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். நடுவில் புள்ளிகள் வைத்தேன். ஐந்து தடவை போதுமா, ஏழு தடவை இருந்தால் படிக்கிறவர்களுக்கு உறைக்குமா என்று யோசித்தேன். ஏழு என்று முடிவு செய்தேன். அதுவரை துரை என்று மறைத்துவந்தவள், அன்றைக்கு உன் உண்மைப் பெயரின் எழுத்தையே போட்டேன், அதுதான் நன்றாக இருந்தது என்பதற்காக. படித்ததும் கண்ணீர் வந்துவிட்டது என்று வரிசையாகப் பின்னூட்டம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் நீ அடுத்த அறையில் சாப்பிடாமல் படுத்திருந்தாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஜமீலாக்கா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பொத்தேரி காலேஜில் நீ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லீவு நாளில் நண்பர்களோடு கோவளம் கடற்கரைக்குப் போனாய். பையின் வார் அறுந்துவிட்டது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை இருந்தது. "இன்னாப்பா வேணும்?" என்று கேட்ட அம்மாவிடம் நீ வார் என்று சொல்ல முயன்று, அது வராமல், கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டிருக்கிறாய். அவர் மிஷினை நிறுத்திவிட்டார். "நீ செங்கப்பட்டா? டேய், துரையா நீ?" என்று வெளியே ஓடிவந்து உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எம்மாம் பெருசா வளந்துட்ட!" என்றாராம். உன் அம்மாவின் வலைப்பதிவில் படித்த துரை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நண்பர்கள் "யார்றா மச்சான் துரை?" என்று பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் ஒருவன் போனில் தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பிரேயர் பதிவைச் சத்தமாக வாசித்தான். ஏழு தடவையையும், புள்ளிகளுக்கு நிறுத்தி நிறுத்தி.

வார் அறுந்த பையோடு அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்தது என் கண்ணிலேயே இருக்கிறது. கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. "பஸ் ஸ்டாண்டு விளையாட்டுகூட நம்மளோடது இல்லையாம்மா? அதுவும் யாரோ சொல்லிக்குடுத்ததா?" என்று மட்டும் கேட்டாய். உனக்காகத்தானேடா எழுதினேன் என்றேன். அந்தப் பதிலை இப்போது திருத்துகிறேன். பாதி உனக்காக. பாதி எனக்காக. யாரோ நான்கு பேர் நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டார்கள், அந்தச் சுகத்துக்காக. பெற்றவர்கள் உனக்காகத்தான் என்று சொன்னால் பாதியை மட்டும் நம்பு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து நீ அதையே சொன்னாலும், அதுவும் பாதியை மட்டும் நம்பட்டும்.

அதன் பிறகு நம் பேச்சு "சாப்பிட்டேன்", "சரி", "பாக்கலாம்" என்ற மூன்று சொல்லுக்குள் சுருங்கிவிட்டது. புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பின அன்றைக்கும் ரயில் ஏறி ஜன்னல் வழியாக "சரி" என்றாய். நான் வலைப்பதிவில் ஒரு வரி எழுதவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஜமீலாக்கா இரண்டு தடவை கேட்டிருந்தார். அதற்கும் பதில் போடவில்லை.

நேற்று நீயாகவே கூப்பிட்டாய். புது ஆபீஸில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்களைப் பற்றிச் சொன்னார்களாம். உன் முறை வந்ததும், "எனக்குத் திக்கும், பேரு வரக் கொஞ்சம் நேரமாகும், வெயிட் பண்ணுங்கன்னு சொல்லிட்டேம்மா" என்றாய்.

"வெயிட் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"எவ்ளோ நேரம்டா?"

"நாலு விரல். ஒருத்தன் மட்டும் காபி குடிச்சிகினு இருந்தான்."

நீ சிரித்ததைக் கேட்டு நானும் சிரித்தேன். அதன் பிறகுதான், புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ தனியாகக் கோவளம் போன கதையைச் சொன்னாய். ஜமீலாக்காவோடு சண்டை போடத்தான் போயிருக்கிறாய். என்னைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் உங்களுக்கு என்று கேட்டிருக்கிறாய். அவர் உன் பையை வாங்கி, அறுந்த இடத்தைப் பார்த்து, மிஷினில் வைத்துத் தைத்துக்கொண்டே பேசினாராம். "உன்னப் பத்தி எனக்கு இன்னா தெரியும், துரை? சின்னப் புள்ளயில பஸ்ஸு பேரு கத்துவ, அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சது உங்கம்மாவ. பதினேழு வருசமா படிச்சிகினு கீறேன். ஒருதபா மூஞ்சி பாத்தது இல்ல. ஒருதபா போன்ல கொரலு கேட்டது இல்ல. நம்பர் குடுத்து எத்தினி வருசம் ஆச்சு!" பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எந்தம்பி கூடவே வளந்தவ நானு. போன எடுக்காதவங்களப் பாத்தா எனக்குத் தெரியும்" என்றாராம்.

இதை அப்படியே அவர் குரலில் சொல்லிக் காட்டிவிட்டு, "ஏம்மா அவங்ககிட்ட நீ பேசவே இல்ல?" என்று கேட்டாய். கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். அடுப்புல விசில் அடிக்குது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில்.

எனக்கும் திக்கும்.

உன்னைப் போல வெளியே தெரிகிற மாதிரி இல்லை. ஒரு சொல் வராது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே பழக்கம். க எனக்கு எதிரி. கத்தரிக்காயை விரலால் காட்டித்தான் வாங்குவேன். போனில் யார் பேசுறது என்று கேட்டால் பெயரைச் சொல்லாமல் செங்கல்பட்டிலிருந்து பேசுறேன் என்பேன், ஏனென்றால் என் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. காலேஜில் வாய்மொழித் தேர்வு அன்றைக்கெல்லாம் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னார்கள். பாட்டில் திக்காது, பாடிவிட்டேன். அதன் பிறகு நான் அதிகம் பேசாததைக் கூச்சம் என்று உன் அப்பா எடுத்துக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் என்னை அடக்கமானவள் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம். நான் வலைப்பதிவைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். அங்கே எந்த எழுத்தும் என்னை நிறுத்தவில்லை. நினைத்த சொல்லையே எழுதலாம். அங்கே வந்தவர்கள்தான் என்னை முழுதாகக் கேட்டவர்கள்.

ஆனால் பார், அந்த இடத்திலும் உன் திக்கலைப் பதினேழு வருஷம் எழுதினேன், என்னுடையதை ஒரு வரி எழுதவில்லை. உன்னை நடுவில் நிறுத்தி, நான் ஓரமாக நின்று வருத்தப்படுகிற தாயாகவே இருந்தேன். பஸ் ஸ்டாண்டில்கூட நீ பெஞ்சு மேல் நின்று கத்தினாயே, ஒருநாளாவது நான் சேர்ந்து கத்தியிருக்கிறேனா? யோசித்துப் பார். ஏழு தடவை எழுத்தைப் போட்டதைவிட எனக்கு இதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது. நீ தனியாள் இல்லை என்று அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிள்ளையிடம் சொல்ல என்னால் மட்டும்தான் முடிந்திருக்கும். நான் எழுந்து போய்விட்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜமீலாக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பிரியாணி ஆக்குகிறேன், வந்தே தீர வேண்டும் என்று எழுதினார். கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எனக்குக் கஷ்டம் இல்லை, ம எனக்குச் சுலபமாக வரும். மாமல்லபுரத்தில் சென்னை வண்டியில் மாறி ஏறினேன். கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்றார். கோவளம் வரவில்லை. தாவுவதற்கு வேறு சொல்லும் இல்லை, ஊருக்கு ஏது இன்னொரு பெயர்? "இன்னாம்மா, ஊரு பேரு மறந்துபூச்சா?" என்றார் அவர். பின்சீட்டில் ஒருவர் "எறங்கற எடம் வந்தா நாங்க சொல்றோம்மா, மொதல்ல எங்கேன்னு சொல்லு" என்றதும் நான்கைந்து பேர் சிரித்தார்கள். வழியில் பலகையில் எழுதியிருந்த ஊர் ஒன்று நினைவுக்கு வந்தது. "திருவிடந்தை" என்றேன். சுத்தமாக வந்தது.

கோவளத்துக்கு முந்தின ஊர் அது. நினைத்திருந்தால் நடந்தே போயிருக்கலாம், ஆட்டோ பிடித்துக் கையால் காட்டியிருக்கலாம். ஆனால் பேருந்தில் வராத சொல், அந்த வீட்டு வாசலில் வருமா? அங்கேயே இறங்கிக் கோயிலுக்குப் போனேன். கல்யாணம் கூடி வரவேண்டும் என்று மாலை வாங்கிக்கொண்டு போகிற கோயில் அது. பூக்காரம்மா என் பின்னாலேயே வந்து "யாருக்கும்மா? பொண்ணுக்கா, பையனுக்கா?" என்று கேட்டார். அரைமணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும் வண்டி ஏறினேன். காய்ச்சல் வந்துவிட்டது என்று ஜமீலாக்காவுக்கு எழுதினேன். "பரவால்ல, உடம்பப் பாத்துக்கோங்க, சோத்த அக்கம்பக்கம் குடுத்துட்டேன்" என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து எழுத ஒன்றும் கிடைக்காமல், திருவிடந்தைக் கோயிலைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மாலைகள், பின்னால் வந்த பூக்காரம்மா எல்லாம் அதில் வந்தன. காய்ச்சல் என்று சொன்னதை மறந்தே போனேன். நன்றாக இருக்கிறது என்று நான்கு பேர் பாராட்டினார்கள். ஐந்தாவதாக ஜமீலாக்கா. "திருவிடந்தை வரைக்கும் வந்தீங்களா?" அவ்வளவுதான். கணினியை மூடிவிட்டேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் போடவே இல்லை. அடுத்த பதிவுக்கு அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, ரசத்தில் பூண்டு போடலாமா கூடாதா என்று சண்டை போட்டார். வாசகர்கள் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். நம்மை வரி வரியாகப் படிக்கிற ஒருவருக்கு நாம் எழுதாமல் விட்டதும் தெரியும். தெரிந்தும் அவர் என்னைக் கேட்டு நெருக்கவில்லை, விட்டுப் போகவும் இல்லை. உன் ஆபீஸ்காரர்கள் நான்கு விரல் நேரம் காத்திருந்தார்கள். அந்த மனுஷி ஐந்து வருஷமாகக் காத்திருக்கிறார். உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றுதான். காபி குடித்தானே அந்த ஒருவன், அவன்மேல் கோபப்படாதே. மற்றவர்களை மறக்காதே.

உன் வேலையை நீ முடித்துவிட்டாய். எனக்குத் திக்கும், பொறுங்கள் என்று வட்டமாக உட்கார்ந்த அந்நியர்களிடம் இருபத்து மூன்று வயதில் சொல்லிவிட்டாய். நாற்பத்தேழு வயதில் நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் எழுத்தில். ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. இனிமேல் குக்கர் விசில் அடிக்க வேண்டியதில்லை.

காலையில் அந்தப் பதிவை அழித்த கையோடு, திருவிடந்தைப் பதிவைத் திறந்து ஜமீலாக்காவின் கேள்விக்குக் கீழே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆமாம்க்கா, வந்தேன் என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டேன். எழுதினால் எனக்குத் திக்காது, அதனால்தான் அழித்தேன். இனி சொல்லப்போவதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை, ஜமீலாக்காவிடமும் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கும்போது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சென்னை வண்டி ஏறப்போகிறேன். கண்டக்டர் எங்கே என்று கேட்பார். நான்கு விரலையும் தொட்டுக்கொண்டு, பின்சீட்டில் யார் என்ன சொன்னாலும், கோவளம் என்றுதான் கேட்கப்போகிறேன். மூன்று தடவை வரட்டும், ஏழு தடவை வரட்டும். எத்தனை தடவை சொன்னாலும் அவர் ஒரு டிக்கெட்தான் கொடுக்கப்போகிறார்.